சிராங்கூன் என்றால் எந்தச் சிராங்கூன்?

"அண்ணே, சிராங்கூன்ல நிக்கிறேன், வந்துடுங்க" என்று செய்தி வருகிறது. சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் பழகியவர் நேரே அங்குள்ள சிராங்கூன் சாலைக்குப் போவார். தம்பி நிற்பதோ சுமார் 5 கிலோமீட்டர் தள்ளி, சிராங்கூன் எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில். நமக்கே குழப்பம் என்றால், ஒரு செய்தியைப் படித்து வரைபடத்தில் புள்ளி வைக்கிற மென்பொருள் என்ன செய்யும்?

முதலில் எண்களைத் தேடும். "1.306, 103.851" என்று இருந்தால் அது தேக்கா பக்கம், முன்னது அட்சரேகை, பின்னது தீர்க்கரேகை. ஆனால் "தே 1.50, புரோட்டா 2.80" என்பதும் பார்வைக்கு அப்படித்தான் இருக்கிறது. அதனால் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கமாவது வேண்டும் என்று விதி வைப்பது நல்லது. மூன்றாவது இலக்கம் ஏறக்குறைய 110 மீட்டரைக் குறிக்கும், நான்காவது 11 மீட்டரை.

அப்புறம் வரிசை. நாம் அட்சரேகையை முதலில் எழுதுகிறோம். ஜியோஜேசான் என்ற கோப்பு வடிவம் தீர்க்கரேகையை முதலில் கேட்கிறது. இடம் மாறினாலும் சிங்கப்பூரில் உடனே பிடித்துவிடலாம். அட்சரேகை 90-ஐத் தாண்டாது, 103 அங்கே உட்காரவே முடியாது. சென்னையின் 13.083, 80.271 அப்படியில்லை. மாற்றிப் போட்டாலும் இரண்டும் செல்லுபடியாகும். புள்ளி ஸ்வால்பார்டுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் விழும், மென்பொருள் வாயே திறக்காது. அதனால் புள்ளி நாம் எதிர்பார்க்கும் ஊரில்தான் விழுகிறதா என்ற ஒரு சோதனையை எழுதாமல் விடவே கூடாது என்பேன்.

கூகுள் மேப்ஸின் நீள இணைப்பிலும் ஒரு வழுக்கல் உண்டு. '@' குறிக்குப் பின் வருவது திரையின் நடுப்புள்ளி. இடத்தின் சரியான எண் பின்னால், '3டி' (!3d), '4டி' (!4d) என்ற குறிகளை ஒட்டி இருக்கும்.

எண் ஜோடி இல்லையா? சரி, அஞ்சல் குறியீட்டைப் பார்க்கலாம். இங்கே ஆறு இலக்கம், பெரும்பாலும் கட்டடத்துக்கு ஒன்று. தேக்கா சென்டருக்கு 210665. கடைசி மூன்று இலக்கம் புளோக் எண்ணேதான். அரசின் ஒன்மேப் என்ற இணைய வரைபடத்தில் கொடுத்தால் இடம் கிடைத்துவிடும்.

வெறும் பெயர் மட்டும் என்றால் பக்கத்துச் சொற்கள்தான் துணை. "முஸ்தபா" என்ற கடையின் பெயர் இருந்தால் சாலை, "நெக்ஸ்" என்ற கடைத்தொகுதியின் பெயர் இருந்தால் எம்ஆர்டி பக்கம். எதுவுமே இல்லாதபோது ஒரே புள்ளியைக் குத்துவது தவறு. இரண்டு இடத்தையும் வட்டமாகக் காட்டி, "எந்தச் சிராங்கூன்?" என்று தம்பியையே திருப்பிக் கேட்க வேண்டும்.