மணல் சேகரிப்பவர்கள் எதைச் சேகரிக்கிறார்கள்?

தீப்பெட்டி லேபிள் சேர்ப்பவர்களைத் தெரியும். பேருந்துப் பயணச்சீட்டு சேர்ப்பவர்களைத் தெரியும். விமானத்தில் வாந்தி வந்தால் எடுக்கச் சொல்லி இருக்கைப் பின்னால் செருகி வைக்கும் காகிதப் பையைக்கூடச் சேர்ப்பவர்கள் உலகில் இருக்கிறார்கள். மணல் சேர்ப்பவர்களும் அந்த வரிசையில்தான் வருவார்கள் என்று தோன்றும். அமெரிக்காவில் இவர்களுக்கென்று ஒரு சர்வதேசச் சங்கமே இருக்கிறது. ஒரே அளவிலான சின்னக் கண்ணாடிக் குப்பிகள், ஒவ்வொன்றிலும் சுமார் 30 மில்லி மணல், மேலே எடுத்த இடமும் தேதியும் எழுதிய ஒரு சீட்டு. சேகரிப்பு என்பது பெரும்பாலும் இவ்வளவுதான். ஆனால் தீப்பெட்டி லேபிளில் அச்சடித்த ஊரின் பெயர் எவருக்கும் தெரியும்படி இருக்கும். மணலில் ஊரின் பெயர் எழுதியிருக்கிறது, அதைப் படிக்கத்தான் தெரிய வேண்டும்.

மணல் என்பது ஒரு பொருளின் பெயர் அல்ல, ஓர் அளவின் பெயர். புவியியலாளர்கள் 0.0625 மில்லிமீட்டர் முதல் 2 மில்லிமீட்டர் வரை உள்ள துகள் எல்லாவற்றையும் மணல் என்பார்கள். அதைவிடச் சிறிதானால் வண்டல், பெரிதானால் சரளை. துகள் குவார்ட்ஸாக இருக்கலாம், எரிமலைக் கண்ணாடியாக, சிப்பித் துணுக்காக, ஜிப்சமாக இருக்கலாம். வெடித்த குண்டின் இரும்பாகவும் இருக்கலாம். எதுவாக இருக்கிறது என்பது அருகில் எந்தப் பாறை தேய்கிறது, கடலில் எந்த உயிர் வாழ்கிறது, அலையும் காற்றும் எதைக் கொண்டுபோய் எதை விட்டுவைக்கின்றன என்பதைப் பொறுத்தது. இந்த மூன்றும் அச்சுப் பிசகாமல் ஒத்துப்போகும் இரண்டு கரைகள் கிடைப்பது அரிது.

இது வெறும் பேச்சல்ல என்பதை இரண்டாம் உலகப்போர் காட்டியது. 1944 நவம்பரிலிருந்து ஜப்பான் காகிதத்தால் செய்த ஹைட்ரஜன் பலூன்களில் குண்டு கட்டி, பசிபிக்கின் மேல் ஓடும் உயரக் காற்றோட்டத்தில் விட்டது. 1945 ஏப்ரல் வரை ஏறத்தாழ 9,300 பலூன்கள். உயரம் குறையும்போது ஒவ்வொன்றாக உதிர்ந்து எடையைக் குறைக்க மணல் மூட்டைகள் கட்டியிருந்தார்கள். அமெரிக்காவில் விழுந்தவற்றில் உதிராமல் மிஞ்சிய மூட்டைகள் அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் ராணுவப் பிரிவுக்குப் போயின. மணலில் டயட்டம் என்னும் பாசிகளின் கூடுகள் இருந்தன, ஃபொராமினிஃபெரா என்னும் ஒற்றைச்செல் உயிர்களின் ஓடுகள் இருந்தன, ஹைபர்ஸ்தீன் போன்ற எரிமலைத் தாதுக்கள் இருந்தன. பவளத் துணுக்கு ஒன்றுகூட இல்லை. பவளம் வளரும் தெற்குக் கரைகள் அந்தக் கணமே கழிந்தன. போருக்கு முன் ஜப்பானியர்களே தங்கள் கடற்கரைகளைப் பற்றி வெளியிட்டிருந்த ஆய்வுத்தாள்களோடு ஒப்பிட்டு, ஹோன்ஷு தீவின் கிழக்குக் கரையில் ஓரிரு இடங்கள்வரை சுருக்கினார்கள். அவற்றில் ஒன்றான இச்சினோமியா உண்மையிலேயே பலூன் ஏவிய தளம். மூட்டையில் இருந்த மணல் பாதி விடையைத்தான் சொன்னது; மீதி, யாரோ முன்பே இடம் குறித்து எழுதி வைத்திருந்த மணலில் இருந்தது. சேகரிப்பாளர்கள் சீட்டு விஷயத்தில் காட்டும் பிடிவாதத்துக்கு இதைவிட நல்ல காரணம் சொல்ல முடியாது.

அதே போரில் நேச நாட்டுப் படைகள் வந்து இறங்கிய பிரான்சின் நார்மண்டியில், ஒமாஹா கடற்கரையில் 1988-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகப் புவியியலாளர் ஏர்ல் மெக்பிரைடும் டேன் பிகார்டும் எடுத்து வந்த மணல் இன்னொரு சாட்சி. பல ஆண்டுகள் கழித்து நுண்ணோக்கியில் வைத்தபோது, உருண்டு தேய்ந்த குவார்ட்ஸுக்கு நடுவே துருவேறிய கூரான இரும்புச் சிதறல்களும், வெடிப்பின் வெப்பத்தில் உருகி உறைந்த கண்ணாடி மணிகளும் தெரிந்தன. அந்த மாதிரியில் சுமார் 4 விழுக்காடு குண்டுச் சிதறல். இரும்பு துருப்பிடித்துக் கரைந்துகொண்டே இருப்பதால், அதே இடத்தில் இன்னும் சில தலைமுறை கழித்து அள்ளினால் அது இருக்காது. குப்பியில் இருப்பது இருக்கும்.

நம்மூரில் இதைக் கற்றுக்கொள்ளக் கன்னியாகுமரியைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. கடைகளில் வண்ண மணல் பொட்டலங்கள் விற்பார்கள். நடக்காமல் போன குமரியம்மன் கல்யாணத்தின் அரிசியும் பருப்பும்தான் இப்படி மணலாயிற்று என்பது ஊர்க்கதை. தாதுக் கணக்கு வேறு. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் உள்ள கோண்டலைட், சார்னோகைட் பாறைகள் தேய்ந்து ஆற்றோடு கடலுக்கு வருகின்றன. அவற்றில் குவார்ட்ஸின் அடர்த்தி தண்ணீரைப்போல் 2.65 மடங்கு. சிவப்பான கார்னெட் 4 அளவில், கருப்பான இல்மனைட் 4.7, தேன் நிற மோனசைட் 5 அளவில். அலை ஏறும்போது வேகம் அதிகம், எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வந்து போடுகிறது. இறங்கும்போது நீரில் ஒரு பங்கு மணலுக்குள் ஊறிவிடுவதால் வேகம் குறைவு. லேசான குவார்ட்ஸை மட்டும் இழுத்துப் போகிறது. முறத்தில் புடைக்கும்போது உமி போய்க் கல் தங்குவதுபோல, கனமானவை கரையிலேயே தங்குகின்றன. தென்மேற்குப் பருவக்காற்றின் பெரிய அலைகள் இந்த வேலையை விரைவாகச் செய்யும். அதனால் ஒரே கரை ஜூலையில் கருத்தும் பிப்ரவரியில் வெளுத்தும் கிடக்கலாம்.

ஒரு சிட்டிகையை வெள்ளைக் காகிதத்தில் தூவி, நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். விளக்கு மேலிருந்து வேண்டாம், பக்கவாட்டில் இருந்து வரட்டும். கார்னெட் மாதுளை முத்தின் நிறத்தில் ஒளி ஊடுருவத் தெரியும், இல்மனைட் உலோகப் பளபளப்போடு கருத்திருக்கும், குவார்ட்ஸ் கண்ணாடிபோல் இருக்கும். கவனித்தால் கருப்புத் துகள்கள் அநேகமாகக் குவார்ட்ஸைவிடச் சிறியவை. தண்ணீரில் ஒரே வேகத்தில் படிபவை ஒரே இடத்தில் சேரும். கனமான துகள் சிறிதாக இருந்தால்தான் பெரிய லேசான துகளோடு ஒரே வேகத்தில் விழ முடியும். பிறகு காந்தம். பழைய ஸ்பீக்கர் காந்தத்துக்கு ஓடி வந்து ஒட்டினால் அது மேக்னடைட். நியோடிமியம் காந்தத்தை மிக அருகே கொண்டுபோனால்தான் எழும்புவது இல்மனைட். கார்னெட் அதைவிடச் சோம்பலாக அசையும். குவார்ட்ஸும் சிர்கான் என்ற கனமான தாதும் திரும்பிப் பார்க்காது. காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுத்தான் மணலில் வைக்க வேண்டும். நேரடியாக வைத்தால் அந்தத் துகள்களைக் காந்தத்திலிருந்து முழுதாக எடுக்கவே முடியாது. அடுத்த மணலில் அவை போய் விழும், கன்னியாகுமரித் தாது வேறெங்கோ இருப்பதாகப் பொய்க் கணக்கு வரும்.

இந்தக் கரையின் தாது மணல் உலகத்துக்குத் தெரிய வந்ததே ஒட்டிக்கொண்ட மணலால்தான். திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் கண்டார். அப்போது வாயு விளக்குகளில் ஒளிவிடும் வலையான மேன்டிலுக்குத் தோரியம் வேண்டியிருந்தது, மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை வந்தது அதனால்தான். இப்போது அங்கே இருப்பது மத்திய அரசு நிறுவனமான ஐஆர்இஎல். மோனசைட் கதிரியக்கம் உள்ளது, 1962-ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டத்துக்கு உட்பட்டது. அதைப் பிரித்துச் சேர்க்கும் ஆசை வேண்டாம், அரைத்துத் தூளாக்கும் ஆசை அறவே வேண்டாம்.

இலங்கையில் திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டையிலும் இதே கதைதான்: இல்மனைட், ரூட்டைல், சிர்கான் செறிந்த கருங்கரை.

பாறை மணலைப் போலவே உயிர் மணலும் உண்டு. ஒரு சொட்டு வினிகர் விட்டு லென்ஸில் பார்த்தால் நுண்குமிழி எழும். அது சுண்ணாம்பு, அதாவது சிப்பி, பவளம், ஓடு. ஜப்பானின் ஓக்கினாவா மாகாணத்தைச் சேர்ந்த தாக்கெடோமி தீவில் கிடைக்கும் நட்சத்திர மணல் பாக்குலோஜிப்சினா என்ற ஃபொராமினிஃபெராவின் ஓடு, முனைகள் நீண்ட குட்டி நட்சத்திரம்போலவே இருக்கும். ஹவாயின் பாப்பகொலெயா கரை பச்சையாக இருப்பது ஒலிவைன் தாதுவால். ஒலிவைன் சீக்கிரம் சிதைந்துபோகும் தாது என்பதால், அது குவிந்திருக்கிறது என்றாலே எரிமலைக் கூம்பு பக்கத்தில்தான் தேய்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

எடுக்கும் முறைக்கு வருவோம். கரையில் கருங்கோடும் வெள்ளைப் பரப்பும் பக்கம் பக்கமாக இருந்தால் இரண்டையும் கலந்து அள்ளுவதுதான் புதியவர்கள் தவறாமல் செய்யும் பிழை. அந்தக் கலவை எந்த இடத்தையும் குறிக்காது. தனித்தனியாக எடுத்து, ‘அலை ஏறும் சரிவு’, ‘மேடு’, ‘மணற்குன்றின் அடி’ என்று எழுதுங்கள். குப்பிக்கு 30 மில்லிதான் என்றாலும் கழுவும்போது குறையும், 50 மில்லி எடுத்தால் போதும். அட்சரேகை, தீர்க்கரேகையைத் தசமத்துக்குப் பின் நான்கு இலக்கம் எழுதினால் ஏறத்தாழ 11 மீட்டர் துல்லியம், ஐந்து இலக்கம் என்றால் ஒரு மீட்டர் சொச்சம். தேதி கட்டாயம், காரணம் மேலே சொன்ன பருவக்காற்று. சீட்டை பென்சிலால் எழுத வேண்டும். பால்பாயிண்ட் மை வெயிலில் வெளுக்கும். குப்பி எண்ணை மூடியில் எழுதவே கூடாது. இரண்டு குப்பிகளை ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் மூடி மாறிப்போகும், அதோடு அந்த இரண்டு மணலும் அநாதை.

கடல் மணலை அப்படியே அடைத்தால் சில மாதத்தில் கட்டி தட்டும். உப்பில் உள்ள மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுக்கும். கண்ணாடித் தம்ளரில் நல்ல தண்ணீர் ஊற்றிக் கலக்கி, மணல் படிந்ததும் நீரை வடித்து, இப்படி நான்கு முறை. கடைசி முறை பேட்டரிக்கு ஊற்றும் வாலைவடிநீர். வடித்த நீரில் ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் உலர விட்டு வெள்ளைத் திட்டு விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் இன்னொரு முறை கழுவ வேண்டும். எவர்சில்வர் தட்டில் பரப்பி, மெல்லிய துணி மூடி நிழலில் உலர்த்தலாம். செய்தித்தாளில் பரப்பினால் காகித நார் சேரும், நுண்ணோக்கியில் அது பூதாகரமாகத் தெரியும்.

எல்லா மணலுக்கும் இந்தக் குளியல் ஒத்துவராது. நியூ மெக்சிகோவில் இருப்பதுபோன்ற ஜிப்சம் மணல் லிட்டருக்கு இரண்டு கிராம் சொச்சம் தண்ணீரில் கரையும். திரும்பத் திரும்பக் கழுவினால் துகளின் முனைகள் மழுங்கிவிடும். அதை அடுப்பில் வைத்து உலர்த்துவது இன்னும் மோசம். நூறு டிகிரியைத் தாண்டினால் அதன் படிகத்துக்குள் இருக்கும் நீர் வெளியேறிப் பாரிஸ் சாந்தாக மாறத் தொடங்கும். கையில் மிஞ்சுவது மணல் அல்ல, கட்டுப் போடும் மாவு. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துத் தேரி மணலின் சிவப்போ துகளுக்குள் இல்லை. குவார்ட்ஸின் மேல் ஹேமடைட் என்ற இரும்பு ஆக்சைடு பூச்சாக இருக்கிறது. கல் சேர்ப்பவர்கள் துருக்கறை எடுக்கப் பயன்படுத்தும் ஆக்சாலிக் அமிலத்தில் அதைப் போட்டால் சாதாரண வெளிர் மணல் ஆகிவிடும். தேரி மணலைக் கழுவாமல் வைப்பதே நல்லது. துகளோடு ஒட்டிய செந்தூளும் அந்த மண்ணின் பங்குதான்.

சலிக்கும் பழக்கம் உள்ளவர்கள் ஒரு மணலுக்குப் பின் சல்லடையைத் திருப்பிப் போட்டுப் பழைய பல்துலக்கியால் தேய்க்க வேண்டும். கம்பிக் கண்ணில் மாட்டிக்கொள்ளும் துகள் தவறாமல் அடுத்த மணலில்தான் உதிரும்.

சட்டம் விளையாட்டல்ல. ஹவாயில் கடற்கரை மணல் எடுக்கத் தடை. இத்தாலியின் சார்டீனியாவில் 2017 முதல் 500 யூரோவிலிருந்து 3,000 யூரோ வரை அபராதம். 2019-ல் ஒரு பிரெஞ்சுத் தம்பதி கார் டிக்கியில் 14 பாட்டில்களில் 40 கிலோ மணலோடு பிடிபட்டார்கள். நாற்பது கிலோவைச் சேகரிப்பு என்று யாரும் வாதிட முடியாது. அங்கேயே புடெல்லி தீவின் இளஞ்சிவப்புக் கரையில் 1990-களிலிருந்து கால் வைக்கவே அனுமதி இல்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்கா. பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது, செத்த பவளத் துண்டையும் எடுக்க முடியாது. அயல்நாட்டோடு தபாலில் மாற்றிக்கொள்பவர்கள் தாவரத் தடுப்புக்காப்பு விதியை முதலில் பார்க்க வேண்டும். வேர்த்துணுக்கோ களிமண்ணோ கலந்திருந்தால் அது மணல் என்று ஏற்கப்படாது, மண் என்று திருப்பி அனுப்பப்படும் அல்லது அழிக்கப்படும்.

இன்னொருவருக்குப் பங்கு கொடுக்கும்போது மேலிருந்து ஒரு கரண்டி அள்ளிக் கொடுப்பது ஏமாற்று, தெரியாமல் செய்தாலும். பாதி நிரம்பிய குப்பி ஆடும்போது சிறிய துகள் இடுக்கு வழியே கீழே இறங்கி, பெரியவை மேலே வந்துவிடும். மேல் கரண்டியில் இருப்பது அந்தக் கரையின் மணல் அல்ல, அதன் பெரிய துகள்கள் மட்டும். குப்பியைக் கழுத்துவரை நிரப்பி மூடினால் ஆட இடம் இருக்காது. பங்கிடும்போது முழுவதையும் காகிதத்தில் கூம்பாகக் கொட்டி, தட்டையாக அழுத்தி, அட்டைத் துண்டால் நான்காகப் பிரித்து, எதிரெதிரே உள்ள இரண்டு கால்பங்குகளைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இன்னும் குறைவாக வேண்டுமென்றால் அந்தப் பாதியை மறுபடி கூம்பாக்கி அதையே செய்யலாம். சீட்டின் நகலையும் பென்சிலால் எழுதிச் சேர்த்தே அனுப்புங்கள்.