வேலைச்சுமையின் வரிசைக் கணக்கு

கல்லூரிச் சேர்க்கை நடக்கும் மாதங்களில், வேலூர் சத்துவாச்சாரிப் பக்கம் ஓர் இ-சேவை மையத்தில் ஒரே ஒரு பணியாளர் அமர்ந்து சாதி, வருமானம், முதல் பட்டதாரிச் சான்றிதழ்களுக்கான விண்ணப்பங்களைப் பதிவேற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு விண்ணப்பத்துக்குச் சராசரியாக 10 நிமிடம் பிடிக்கிறது. ஆகவே மணிக்கு 6 பேரை அவரால் கவனிக்க முடியும். மணிக்குச் சராசரியாக 3 பேர் வந்தால், அதாவது அவருடைய நேரத்தில் பாதி நிரம்பினால், வருபவர் காத்திருக்க வேண்டிய சராசரி நேரம் 10 நிமிடம். 80 விழுக்காடு நிரம்பும்போது அது 40 நிமிடமாகவும், 90 விழுக்காட்டில் ஒன்றரை மணி நேரமாகவும் உயர்கிறது. 95 விழுக்காடு நிரம்பி, அந்நிலை நீடித்தால், காத்திருப்பு 3 மணி 10 நிமிடத்தைத் தொடுகிறது. வேலை இரு மடங்குகூட ஆகவில்லை. காத்திருப்போ 19 மடங்கு ஆகிவிட்டது.

கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய ஆக்னர் எர்லாங் 1909இல் தொடங்கி வைத்த வரிசைக் கோட்பாட்டின் எளிய வடிவம் இது. ஆட்கள் ஒழுங்கான இடைவெளியில் வருவதில்லை. ஒவ்வொருவருக்கும் ஆகும் நேரமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. யாரும் வராத 10 நிமிடத்தைச் சேமித்து வைத்துப் பின்னர்ச் செலவிட முடியாது. மூவர் சேர்ந்தாற்போல் வந்துவிட்டாலோ, அந்தத் தாமதம் பின்னால் வரும் அனைவர் தலையிலும் ஏறுகிறது. நேரம் முக்கால்வாசி நிரம்பியிருக்கும் வரை இடையில் விழும் சிறு ஓய்வுகள் இத்தாமதத்தைக் கரைத்துவிடும். விளிம்பு வரை நிரம்பிவிட்டால் கரைக்க இடமே இல்லை. ஏற்ற இறக்கம் எந்த அளவுக்கு மிகுகிறதோ அந்த அளவுக்குக் காத்திருப்பும் மிகும் என்பதை 1961இல் ஜான் கிங்மன் சூத்திரமாக்கினார். நேரம் குறித்த டோக்கன் கொடுத்தால் வரிசை குறைவதற்கு இதுவே காரணம்.

தனி ஒருவருடைய நாளும் இப்படித்தான் இயங்குகிறது. காட்பாடிப் பக்கம் ஒரு தலைமையாசிரியர் வகுப்பு, எமிஸ் எனும் பள்ளித் தகவல் தளத்தில் பதிவு, காலை உணவுத் திட்டக் கணக்கு, பெற்றோர் சந்திப்பு என்று காலை 9 முதல் மாலை 4 வரை ஒரு நிமிடமும் விடாமல் அட்டவணை போட்டால், அது திறமையான திட்டம்போலத் தோன்றும். கணக்கின்படி அது 100 விழுக்காட்டு நிரப்பல், முதல் தொலைபேசி அழைப்பிலேயே சரிந்துவிடும். போதாக்குறைக்கு, வேலைக்கு ஆகும் நேரத்தை நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம். கனடாவில் ரோஜர் பியூலரும் அவருடைய குழுவினரும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வேட்டை முடிக்க மாணவர்கள் சொன்ன சராசரி 33.9 நாள், உண்மையில் ஆனது 55.5 நாள். ஆகவே 80 விழுக்காடு என்று நினைத்து நிரப்பிய நாள்கூடப் பெரும்பாலும் அதற்கு மேல் நிரம்பியதாகவே இருக்கும் என்பது என் எண்ணம். நாளில் ஐந்தில் ஒரு பங்கையாவது பெயரிடாமல் விட்டுவைப்பதைச் சோம்பல் என்று கருதத் தேவையில்லை.

தேங்கிய வரிசை உடலுக்குள் எப்படிப் போகிறது? நெருக்கடியை உணர்ந்த சில நொடிகளில் அட்ரீனலின் சுரந்து இதயத்துடிப்பை உயர்த்துகிறது. அதன்பின் மூளையின் ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி, சிறுநீரகத்தின் மேலமர்ந்த அட்ரீனல் சுரப்பி என்ற தொடர் வழியாகக் கார்டிசோல் வெளிப்பட்டு, ஏறக்குறைய 20 முதல் 30 நிமிடத்தில் உச்சத்தை அடைகிறது. அது தணிய மேலும் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். இந்த ஏற்பாடு ஆபத்தானதன்று, தேவையானது. ஆனால் அது தணிவதற்குள் அடுத்த நெருக்கடி, அதற்குள் அதற்கடுத்தது என்று வந்தால், உடல் இறங்கி ஓய்வதே இல்லை. நெடுங்காலம் இப்படித் தொடர்வதால் ஏற்படும் தேய்மானத்துக்கு புரூஸ் மெக்யூவனும் எலியட் ஸ்டெல்லரும் 1993இல் ‘அலோஸ்டேடிக் சுமை’ (allostatic load) என்று தனிப்பெயரே இட்டனர். உறக்கக் குறைவு, உயர்ந்த இரத்த அழுத்தம் ஆகியவை அதனோடு தொடர்புடையவை.

மனத்திலும் ஒரு செலவு உண்டு. ஒரு வேலையைப் பாதியில் விட்டு அடுத்ததற்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பகுதி முந்தையதிலேயே ஒட்டிக்கொண்டிருப்பதை சோஃபி லெராய் 2009இல் காட்டினார். இதிலிருந்து விடுபட வேலையை முடித்தே ஆகவேண்டும் என்பதில்லை. எப்போது, எங்கே, எப்படிச் செய்வோம் என்று தெளிவாகத் திட்டமிட்டாலே முடியாத வேலையின் தொந்தரவு குறைகிறது என்று மாசிகாம்போவும் பாமைஸ்டரும் 2011இல் கண்டனர். ‘எமிஸ் பதிவு’ என்று மட்டும் எழுதிய குறிப்பைவிட, ‘நாளை 2 மணிக்கு, அலுவலகக் கணினியில், ஏழாம் வகுப்புப் பதிவு’ என்ற குறிப்பு பயன் தருவது இதனால்தான்.

கையில் எடுக்கும் வேலைகளின் எண்ணிக்கைக்கும் கணக்கு உண்டு. ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதிப்படி, கையில் 20 வேலை இருந்து நாளுக்கு 4 முடிந்தால், ஒவ்வொன்றும் சராசரியாக 5 நாள் நம்மிடம் கிடக்கும். 8 மட்டும் எடுத்தால் 2 நாள். எடுக்காதவை வெளியே காத்திருக்கும் என்பது உண்மையே. ஆனால் அவை பாதியில் நின்று கவனத்தைப் பிடித்திழுப்பதில்லை. கேட்பவருக்கு ஒரு தேதியும் சொல்ல முடியும்.

இவை அனைத்தும் தன் வரிசையைத் தானே ஒழுங்குபடுத்த முடிந்தவர்களுக்கே பொருந்தும். வேலையின் கெடுபிடி மிகுந்து, அதன்மேல் தனக்குள்ள அதிகாரம் குறைந்திருக்கும் இடத்தில்தான் அழுத்தம் மிகக் கடுமையாகிறது என்று ராபர்ட் காரசெக் 1979இல் எழுதினார். பிரிட்டிஷ் அரசு ஊழியர்களை 1985 முதல் தொடர்ந்து கவனித்த மைக்கேல் மார்மட்டின் ஆய்வும், பணியில் கட்டுப்பாடு குறைந்தவர்களுக்கு இதய நோய் மிகுதி என்று கண்டது. குடியாத்தம் வட்டாரத்தில் வீட்டிலிருந்தபடி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கூலிக்குச் சுற்றும் பெண்ணிடம் நாளில் ஐந்தில் ஒரு பங்கை வெறுமையாக விடச் சொன்னால், கூலியில் ஐந்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்கச் சொல்வதாகவே முடியும். அவருடைய சுமையைக் குறைக்கும் முடிவு, கூலி நிர்ணயிக்கப்படும் இடத்தில் எடுக்கப்பட வேண்டியது.