மஞ்சள் அம்புக்குறியும் லோக்கல் ஆக்சஸ் ஃபோரமும்: இங்கிலாந்தில் வயல்வழி நடக்கும் உரிமை

இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்கள் ஊருக்கு வெளியே நடக்கப் போனால் ஒரு இடத்தில் கட்டாயம் தயங்கி நிற்பார்கள். வேலியோரம் ஒரு மரக்கம்பம் இருக்கும். அதில் உள்ளங்கை அளவு வட்டத் தகடு, நடுவே மஞ்சள் அம்புக்குறி. அம்பு காட்டும் திசையில் பாதை என்று எதுவும் கண்ணுக்குத் தெரியாது. முழங்கால் உயரத்துக்குக் கோதுமைதான் நிற்கும். அடுத்தவர் வயல். காலை வைத்தால் நாயை ஏவிவிடுவார்களோ என்று பயம். நானும் அப்படி வந்த வழியே திரும்பியவன்தான்.

திரும்பியிருக்கவே வேண்டாம். வயல் தனியாருடையது, அதன் குறுக்கே போகும் வழி பொதுமக்களுடையது. மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு. நீலம் என்றால் குதிரையும் சைக்கிளும் போகலாம். கத்தரிப்பூ நிறம் என்றால் குதிரை வண்டிகூடப் போகலாம், மோட்டார் வண்டி கூடாது. சிவப்பு என்றால் எல்லாமே போகலாம். இங்கிலாந்தையும் வேல்ஸையும் சேர்த்து இப்படிச் சுமார் 2,25,000 கிலோமீட்டர் பொதுவழிகள் இருக்கின்றன. இவை பாதைகளுக்குப் பொறுப்பான உள்ளாட்சிக் கவுன்சிலில் இருக்கும் ‘டெஃபினிட்டிவ் மேப்’ என்ற சட்டபூர்வ வரைபடத்தில் பதிவானவை. அதில் இருந்தால் வழி உண்டு, அவ்வளவுதான். நில உரிமையாளர் மறுத்துப் பேச முடியாது.

இதற்கு மேல் இன்னொரு உரிமை 2000-ஆம் ஆண்டில் வந்தது. கன்ட்ரிசைடு அண்ட் ரைட்ஸ் ஆஃப் வே சட்டம். இங்கே சுருக்கமாக ‘குரோ’ என்பார்கள். மலை, மேட்டுப் புல்வெளி, புதர்க்காடு, சுண்ணாம்புக் குன்று, பதிவுசெய்யப்பட்ட கமன் நிலம் ஆகியவற்றில் பாதையை விட்டு விலகி விருப்பம்போல் நடக்கலாம் என்கிறது அது. இங்கிலாந்தின் பரப்பில் சுமார் 8 சதவீதம் இந்த வகைக்குள் வருகிறது. (கமன் என்றதும் நம்மூர்ப் புறம்போக்கு என்று நினைத்துவிட வேண்டாம். அதற்கும் உரிமையாளர் உண்டு; மேய்ச்சல் போன்ற சில உரிமைகள் மட்டும் ஊராருக்கு.) இங்கே நடக்கலாம், உட்காரலாம், சோறு கட்டிக்கொண்டு போய்ச் சாப்பிடலாம். கூடாரம் போடுவது, சைக்கிள் விடுவது, ஏரியில் குளிப்பது எல்லாம் இந்த உரிமையில் சேராது. நாயைக் கூட்டிப்போனால் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை 2 மீட்டருக்கு மேல் நீளாத கயிற்றில் பிடித்திருக்க வேண்டும். தரையில் பறவைகள் முட்டையிடும் காலம் அது.

இதெல்லாம் யாரும் தூக்கிக் கொடுத்தது அல்ல. 1932 ஏப்ரல் 24 அன்று டெர்பிஷயரின் கிண்டர் ஸ்கவுட் மலைமேல் மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள் சில நூறு பேர் அத்துமீறி ஏறினார்கள். மலை அப்போது பெரிய நிலக்காரர்களின் பறவை வேட்டைக்காக அடைத்துவைக்கப்பட்டிருந்தது. முன்னின்று நடத்திய பென்னி ராத்மன் உட்பட ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். அதன்பின் 1949-இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951-இல் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பீக் டிஸ்ட்ரிக்டுக்குள்தான் அந்த மலை இருக்கிறது.

சரி, சட்டம் வந்தாயிற்று. ஆனால் பாதை ஓடுவது ஒருவருடைய பிழைப்பின் நடுவே. நடப்பவர் கேட்டைத் திறந்துபோட்டுவிட்டுப் போனால் மாடு சாலைக்கு வந்துவிடும். விவசாயி உழுதுவிட்டுப் பாதையைப் பழையபடி ஆக்காவிட்டால் நடப்பவர் சேற்றில் தத்தளிப்பார். ஒவ்வொரு சச்சரவுக்கும் கோர்ட்டுக்கு ஓட முடியுமா? அதனால்தான் குரோ சட்டத்தின் 94, 95-ஆம் பிரிவுகள் ஒரு ஏற்பாட்டைச் செய்தன. ஒவ்வொரு வட்டாரத்திலும் ஊர்க்காரர்களைக் கொண்ட ஒரு ஆலோசனை மன்றம் வேண்டும். அதுதான் லோக்கல் ஆக்சஸ் ஃபோரம். அதை அமைப்பது பாதைகளுக்குப் பொறுப்பான கவுன்சில். தேசியப் பூங்காவுக்குள் என்றால் பூங்கா ஆணையம். பீக் டிஸ்ட்ரிக்ட், யார்க்ஷயர் டேல்ஸ் போன்ற பூங்காக்களுக்குத் தனி மன்றம் இருக்கிறது. இரண்டு மூன்று கவுன்சில்கள் சேர்ந்து ஒரே மன்றம் வைத்துக்கொள்ளவும் இடமுண்டு.

இங்கிலாந்தில் இப்போது நடப்பில் உள்ளவை 2007-ஆம் ஆண்டு விதிகள். மன்றத்தில் குறைந்தது 10 பேர், அதிகபட்சம் 22 பேர். யாருக்கும் சம்பளம் இல்லை. பயணச் செலவு கிடைக்கும், வீட்டில் குழந்தையையோ முதியவரையோ பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் அந்தச் செலவும் கேட்கலாம். பாதையைப் பயன்படுத்துவோர், நிலம் வைத்திருப்போர் அல்லது குத்தகைக்குப் பயிரிடுவோர், அந்த வட்டாரத்துக்கு முக்கியமான வேறு தரப்பினர் என மூன்று பக்கத்திலிருந்தும் ஆட்கள் வேண்டும், எந்தப் பக்கமும் அளவுக்கு மீறி ஓங்கிவிடக் கூடாது. கவுன்சிலர்களை 16 பேர் வரையான மன்றத்தில் இரண்டு பேருக்கு மேல் சேர்க்க முடியாது. 17 பேரோ அதற்கு மேலோ என்றால் மூன்று பேர். அரசியல்வாதிகள் அமுக்கிவிடக் கூடாது என்று யோசித்து வைத்த வரம்பு, எனக்குப் பிடித்த விதி இது. ஆண்டுக்கு இரண்டு முறையாவது கூட வேண்டும். கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது. போய் உட்கார்ந்து கேட்கலாம். ஆண்டறிக்கையும் வெளியிட வேண்டும்.

இப்போது முக்கியமான கேள்வி: இந்த மன்றத்துக்கு என்ன அதிகாரம்? நேராகச் சொன்னால் உத்தரவு போடும் அதிகாரம் துளியும் இல்லை. ஆலோசனை சொல்லலாம். ஆனால் சட்டம் அந்த ஆலோசனைக்குக் கொஞ்சம் எடை வைத்திருக்கிறது. கவுன்சில், பூங்கா ஆணையம், இயற்கைப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான நேச்சுரல் இங்கிலாந்து, காடுகளுக்கான ஃபாரஸ்ட்ரி கமிஷன், அமைச்சர் உள்பட ஒரு பட்டியலே இருக்கிறது; மன்றம் எழுதி அனுப்பியதை அவர்கள் கருத்தில் எடுத்தே ஆக வேண்டும். கேட்டபடி செய்ய வேண்டும் என்பது இல்லை, கிடப்பில் போட்டுவிட முடியாது என்பதுதான். சில விஷயங்களில் மன்றத்திடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். உதாரணமாக, குரோ சட்டம் திறந்துவிட்ட நிலத்தில் மக்கள் நுழைவதை ஆறு மாதத்துக்கு மேல் கட்டுப்படுத்தும் உத்தரவு போடுவதற்கு முன். நில உரிமையாளர் தாமாகவே ஆண்டுக்கு 28 நாள் வரை கட்டுப்பாடு வைத்துக்கொள்ளலாம்; அதற்கு மன்றம் வராது. கவுன்சில் தயாரிக்கும் பாதை மேம்பாட்டுத் திட்டத்திலும் மன்றத்தின் கருத்து சேரும். பத்தாண்டுக்கு ஒருமுறையாவது அந்தத் திட்டத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். கடற்கரை நெடுக நாட்டைச் சுற்றிய நடைபாதை விஷயத்திலும் மன்றங்கள் தங்கள் கருத்தைச் சொல்லியிருக்கின்றன.

ஒரு கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். பேச்சு வேலிக் கடப்பைப் பற்றி. இரண்டு மரப்பலகையில் ஏறி வேலியைத் தாண்டி இறங்குவதை இங்கே ‘ஸ்டைல்’ என்கிறார்கள். கடப்பு என்றால் யாழ்ப்பாணத்தார் உடனே புரிந்துகொள்வார்கள். இடுப்பு மூட்டு மாற்றிய ஒரு அம்மா, தன்னால் இனி கால் தூக்கிப் போட முடியாது, எல்லாவற்றையும் கேட்டாக மாற்றுங்கள் என்றார். ஆடு வளர்க்கும் ஒருவர், கேட் என்றால் பாதிப் பேர் சாத்துவதில்லை, ஆட்டை நெடுஞ்சாலையில் தேடுவது யார் என்றார். குதிரை ஓட்டும் பெண், கொண்டி சேணத்தில் இருந்தபடியே எட்டும் உயரத்தில் வேண்டும் என்றார். முக்கால் மணி நேரம் இதே பேச்சு. கடைசியில் தானாகச் சாத்திக்கொள்ளும் கீல் போட்ட கேட், பழைய கடப்பு உடையும்போதெல்லாம் முதலில் அதையே உரிமையாளரிடம் கேட்டுப்பார்ப்பது என்று எழுதினார்கள். முதலில் வெறும் இடைவெளி போதுமா பார், போதாவிட்டால் கேட், அதுவும் முடியாவிட்டால்தான் கடப்பு என்பது பிரிட்டிஷ் தரக் குறியீடு 5709 சொல்லும் வரிசை. மூன்று பேரும் சண்டை போட்டு அதற்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள். மன்றத்தின் பயன் எனக்குப் புரிந்தது அங்கேதான். கவுன்சில் அதிகாரி தனியாக இதே யோசனையைச் சொல்லியிருந்தால் ஆட்டுக்காரர் கதவைச் சாத்தியிருப்பார்.

ஆனால் ஒரு தவறை நானும் செய்தேன். என் வீட்டருகே ஒரு கடப்பின் பலகை உடைந்து கிடந்தது. மன்றத்துக்கு நீளமாக மின்னஞ்சல் எழுதினேன். செயலாளர் பணிவாகத் திருப்பி அனுப்பினார்: இது எங்கள் வேலை இல்லை. சரிதான். தனிப் புகார் கவுன்சிலின் ‘ரைட்ஸ் ஆஃப் வே’ பிரிவுக்குப் போக வேண்டும். போட்டோவும் வரைபட எண்ணும் இருந்தால் வேலை சுருங்கும். கடப்பையும் கேட்டையும் நல்ல நிலையில் வைத்திருப்பது உரிமையாளரின் பொறுப்பு. நியாயமான செலவில் குறைந்தது கால்வாசியைக் கவுன்சிலிடம் அவர் கேட்டு வாங்கலாம். என் பலகை ஆறு மாதம் கழித்து வந்தது, அதுவும் மூன்று முறை நினைவூட்டிய பிறகு.

புகார் எழுதும்போது கைவசம் வைத்துக்கொள்ள சில அளவுகள். வயலின் குறுக்கே போகும் நடைபாதையை உழலாம். முதல் உழவுக்குப்பின் 14 நாளில், அதே பயிருக்கு மறுபடி கிளறினால் 24 மணி நேரத்தில், பாதையைச் சரிசெய்து தர வேண்டும். அகலம் குறைந்தது 1 மீட்டர். வரப்போரம் போகும் பாதையை உழவே கூடாது. அதற்குக் குறைந்தபட்ச அகலம் 1.5 மீட்டர். அப்புறம், காளை. பத்து மாதத்துக்கு மேற்பட்ட கறவை இனக் காளையைப் பாதை போகும் வயலில் விடக் கூடாது. நமக்கு நன்றாகத் தெரிந்த ஜெர்சி அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஜெர்சிப் பசு சாது என்பதால் காளையும் அப்படித்தான் என்று நம்புகிறவர்கள் ஊரில் மாட்டுக்காரரிடம் கேட்டுப் பார்க்கலாம். இறைச்சி இனக் காளை பசுக்களோடு நின்றால் சட்டப்படி குற்றமில்லை.

பாதையை யாராவது அடைத்தே வைத்திருந்தால், 1980 நெடுஞ்சாலைச் சட்டம் பிரிவு 130ஏ-இன்படி கவுன்சிலுக்கு முறையான நோட்டீஸ் கொடுக்கலாம். என்ன செய்யப்போகிறோம் என்று ஒரு மாதத்துக்குள் அவர்கள் சொல்ல வேண்டும். அப்போதும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட் கோர்ட் இருக்கிறது.

அப்படியானால் மன்றத்திடம் எதைக் கொண்டுபோவது? ஒரு பலகையை அல்ல, ஒரே மாதிரி உடைந்த நாற்பது பலகைகளை. பேருந்து நிற்கும் இடத்துக்கும் பாதை தொடங்கும் இடத்துக்கும் நடுவே நடைமேடை இல்லை, புது வீட்டு மனைகள் வரும்போது பழைய பாதை சந்தாகச் சுருங்குகிறது, சக்கர நாற்காலி போக ஒரு வட்டப்பாதைகூட இல்லை என்ற மாதிரி விஷயங்கள். பதிவாகாமல் கிடக்கும் பழைய பாதைகளும் அப்படித்தான். இருபது ஆண்டு தடையின்றி மக்கள் நடந்திருந்தால் அது பொதுவழி என்று கோர வழியுண்டு. பழைய வரைபடங்களை ஆதாரம் காட்டியும் கோரலாம். வரைபட ஆதாரக் கோரிக்கைக்கு 2026 ஜனவரி 1 கடைசி நாள் என்று குரோ சட்டம் வைத்தது, பின்பு அது 2031 ஆனது, 2024 டிசம்பரில் அந்தக் கெடுவையே நீக்கப்போவதாக அரசு அறிவித்தது.

குறையையும் சொல்லிவிட வேண்டும். கவுன்சில்களிடம் பணம் இல்லை. சில இடங்களில் மன்றம் பெயருக்குத்தான் இருக்கிறது. நான் போன கூட்டத்தில் பணி ஓய்வு பெறாத ஆட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், வெள்ளையரல்லாத முகம் என்னுடையது மட்டும். உறுப்பினர் இடம் காலியானால் கவுன்சில் விளம்பரம் செய்தாக வேண்டும். நியமனம் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை. நிலம் வேண்டாம், குதிரை வேண்டாம், சங்க உறுப்பினர் அட்டையும் தேவையில்லை. பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்து நடக்கிறவரும் பாதையைப் பயன்படுத்துகிறவர்தான்.

வேல்ஸிலும் இதே சட்டத்தின்கீழ் மன்றங்கள் உண்டு, விதிகள் அவர்களுடையவை. ஸ்காட்லாந்து வேறு கதை. அங்கே 2003 நிலச் சீர்திருத்தச் சட்டப்படி பொறுப்போடு நடந்தால் ஏறக்குறைய எந்த நிலத்திலும் போகலாம். மன்றத்துக்கு ஆலோசனையோடு, இரு தரப்பும் சம்மதித்தால் தகராறைத் தீர்க்க உதவும் வேலையும் உண்டு.

உங்கள் கவுன்சிலின் பெயரோடு ‘லோக்கல் ஆக்சஸ் ஃபோரம்’ என்று இணையத்தில் தேடினால் அடுத்த கூட்டத்தின் தேதி கிடைக்கும். கேள்வி கேட்க நினைத்தால் செயலாளருக்கு முன்கூட்டியே எழுதிவிடுங்கள். நான் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. அரைநாள் லீவு போட்டேன்.