டொமைன் யார் கையில் இருக்கிறது? அதைப் பார்த்துவிட்டு எஸ்இஓ பேசலாம்

"என் வலைப்பூவைத் திறந்தால் ரம்மி விளம்பரம் வருகிறது, யாரோ ஹேக் செய்துவிட்டார்கள்" என்று இந்த மாதமும் கேள்வி வந்தாயிற்று. இப்படி வருபவற்றில் பெரும்பாலும் யாரும் எதையும் ஹேக் செய்திருப்பதில்லை. டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், காலாவதியாகியிருக்கும். வேறொருவர் முறையாகப் பணம் கட்டி அதை எடுத்திருப்பார். போலீசுக்குப் போனாலும் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

எல்லாக் குழப்பமும் "டொமைன் வாங்கிவிட்டேன்" என்ற பேச்சில் ஆரம்பிக்கிறது. டொமைனை யாரும் வாங்குவதில்லை. அது பத்திரம் முடித்த மனை அல்ல, குத்தகை நிலம். டாட் காம் போன்றவற்றை ஒரு வருடத்துக்கு எடுக்கலாம், அதிகபட்சம் 10 வருடம் வரை முன்பணம் கட்டி வைக்கலாம். "வாழ்நாள் டொமைன்" என்று யாராவது விற்றால், அவர் வருடா வருடம் உங்களுக்காகக் கட்டுவதாக வாய்வார்த்தை கொடுக்கிறார், அவ்வளவுதான். எட்டு வருடமாக எழுதுகிறேன், ஆயிரம் பதிவு இருக்கிறது, அது என் சொந்தப் பெயர் என்பதெல்லாம் குத்தகை முடிந்த மறுநாள் எடுபடாது. தளத்தை வைக்க இடம் தரும் ஹோஸ்டிங்குக்குப் பணம் கட்டினால் டொமைனுக்கும் கட்டியதாக ஆகாது. இரண்டும் வெவ்வேறு பில், பல சமயம் வெவ்வேறு கம்பெனி, வெவ்வேறு தேதி. முதல் வருடத்துக்குச் சலுகை விலையில் எடுத்தவர்கள் புதுப்பிக்கும் (ரெனியூவல்) விலை எவ்வளவு என்று அன்றைக்கே பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வருடம் பில்லைக் கண்டு திகைத்து, "அடுத்த வாரம் கட்டலாம்" என்று விட்டவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள்.

டாட் காம் காலாவதியானால் நடப்பது இது. டொமைனைப் பதிந்து தரும் நிறுவனமான ரெஜிஸ்ட்ராரைப் பொறுத்து 45 நாள் வரை சாதாரண விலையிலேயே மீட்க இடம் இருக்கலாம். ஆனால் அந்த 45 நாள் உங்கள் உரிமை அல்ல. பல ரெஜிஸ்ட்ரார்கள் அதற்குள்ளேயே பெயரை ஏலத்தில் விட்டுவிடுகிறார்கள். அதற்குப் பின் ரிடெம்ப்ஷன், அதாவது மீட்புக் காலம் என்று 30 நாள். இதில் அபராதம் சேர்ந்து, வழக்கமான கட்டணத்தைப்போலப் பல மடங்கு ஆகும். கடைசி 5 நாள் பெண்டிங் டெலீட், அதாவது நீக்கத்துக்குக் காத்திருக்கும் நிலை. அந்த ஐந்து நாளில் நீங்களும் ஒன்றும் செய்ய முடியாது, ரெஜிஸ்ட்ராரும் ஒன்றும் செய்ய முடியாது. ஆறாம் நாள் முந்தியவருக்குச் சொந்தம். முந்துவது மனிதர்கூட இல்லை, நல்ல பெயர்களுக்காகவே காத்திருக்கும் மென்பொருள். டாட் இன் போன்ற நாட்டு முகவரிகளுக்குக் கணக்கு வேறு, அதனால் இந்த நாட்களை நம்பி உட்கார வேண்டாம்.

ஏன் பழைய வலைப்பூ முகவரியைத் தேடி எடுக்கிறார்கள்? தேடலில் நீங்கள் சம்பாதித்தது எல்லாம் அந்த முகவரியின் பேரில்தான் சேர்ந்திருக்கிறது. மற்றவர்கள் கொடுத்த இணைப்புகள், விக்கிப்பீடியாவில் இருக்கும் மேற்கோள், கூகுளுக்குப் பழகிய பக்கங்கள் எல்லாம் முகவரியோடு போய்விடும். சூதாட்டக்காரருக்கு வேண்டியது உங்கள் எழுத்து அல்ல, அந்த இணைப்புகள்.

இன்னொரு கூத்து, டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்பது. தளம் போட்டுக் கொடுத்த தம்பி தன் கணக்கிலேயே பதிந்திருப்பார். "அவன் நல்ல பையன், நம்ம பையன்" என்பார்கள். நல்ல பையனாகவே இருக்கட்டும். நாளைக்கு வேலை கிடைத்து துபாய் போவார், போன் நம்பர் மாறும், இந்தத் தொழிலையே விட்டுவிடுவார். ரெனியூவல் நினைவூட்டல் அவருடைய பழைய மெயிலுக்குப் போய்க்கொண்டிருக்கும். டொமைன்களை மேற்பார்க்கும் உலக அமைப்பான ஐகான் (ICANN) விதிப்படி காலாவதிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும், முடிந்தபின் ஐந்து நாளுக்குள்ளும் ரெஜிஸ்ட்ரார் அறிவிப்பு அனுப்பியாக வேண்டும். அனுப்புகிறார்கள். உங்களுக்கு வருவதில்லை, அதுதான் விஷயம்.

ஆகவே ரெஜிஸ்ட்ரார் கணக்கின் பயனர்பெயர், டொமைன் உரிமையாளர் இடத்தில் உள்ள பெயர், அந்த மெயில், ஓடிபி போகும் போன் ஆகிய நான்கும் உங்களுடையதா என்று பாருங்கள். ஐகானின் தேடல் பக்கத்தில் காலாவதித் தேதியும் ரெஜிஸ்ட்ராரும் தெரியும். உரிமையாளர் விவரம் பெரும்பாலும் மறைத்திருக்கும், அதனால் நீங்களே உள்ளே நுழைந்து பார்ப்பதுதான் சாட்சி. தம்பியின் கணக்கில் இருந்தால், அதே ரெஜிஸ்ட்ராரில் நீங்கள் ஒரு கணக்குத் தொடங்கி அதற்கு மாற்றச் சொல்லுங்கள். இதுதான் சுலபம். வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றுவதென்றால் டொமைன் பூட்டைத் திறந்து ஆத் கோட் (மாற்றத்துக்கான ரகசியக் குறியீடு) வாங்க வேண்டும். புதிதாகப் பதிந்த டொமைனும், சமீபத்தில் ஒருமுறை மாறிய டொமைனும் 60 நாள் நகராது. காலாவதிக்கு இரண்டு நாள் இருக்கும்போது இதை ஆரம்பிக்காதீர்கள்.

மெயில் விஷயத்தில் படித்தவர்களே விழுகிற ஒரு குழி உண்டு. உரிமையாளர் மெயிலாக அதே டொமைனில் உள்ள மெயிலைக் கொடுப்பது. டொமைன் நின்றால் மெயிலும் நிற்கும். பாஸ்வேர்டை மாற்றும் இணைப்பும் அந்த மெயிலுக்கே போகும். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை. தனி ஜிமெயில் ஒன்று கொடுங்கள். பதிந்ததும் வரும் சரிபார்ப்பு மெயிலை 15 நாளுக்குள் சொடுக்குங்கள். சொடுக்காவிட்டால் பணம் கட்டிய தளமே முடங்கும்.

"ஆட்டோ ரெனியூ (தானாகப் புதுப்பிப்பது) போட்டிருக்கிறேனே" என்பவர்களுக்கு: 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, உங்கள் முன் ஒப்புதலைப் பதியாத தானியங்கிப் பற்றுகளை இந்திய கார்டுகள் மறுத்துவிடும். வெளிநாட்டு ரெஜிஸ்ட்ரார்கள் பலரிடம் அந்த ஏற்பாடு இல்லை. பட்டன் பச்சையாக இருக்கும், பணம் போயிருக்காது. கையால் கட்டுங்கள், முடிந்தால் மூன்று வருடத்துக்குச் சேர்த்து.

இனி கூகுளின் இலவச வலைப்பூச் சேவையான பிளாகரில் சொந்த டொமைனை இணைப்பது. வேலை கால் மணி நேரம். டொமைன் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் பட்டியலில் இரண்டு சிநேம் (CNAME) ரெக்கார்டுகள், அதாவது ஒரு பெயரை இன்னொரு பெயருக்குக் காட்டும் வரிகள்: ஒன்று டபிள்யூ டபிள்யூ டபிள்யூவை ஜிஎச்எஸ் டாட் கூகுள் டாட் காமுக்குக் காட்டுவது, இன்னொன்று பிளாகர் உங்களுக்கென்று தனியாகக் கொடுப்பது. அதோடு டபிள்யூ டபிள்யூ டபிள்யூ என்ற முன்னொட்டில்லாத முகவரிக்கு நான்கு ஏ ரெக்கார்டுகள் (பெயரை எண் முகவரிக்குக் காட்டும் வரிகள்): 216.239.32.21, 216.239.34.21, 216.239.36.21, 216.239.38.21. கெடுவது மூன்று இடத்தில். பெயர்ப் பெட்டியில் முன்னொட்டை மட்டும் எழுதாமல் முழு டொமைனையும் எழுதுவார்கள், பேனல் அதன் பின்னால் இன்னொரு முறை டொமைனை ஒட்டிக்கொள்ளும். ரெஜிஸ்ட்ரார் முன்பே போட்டு வைத்த, தன் தற்காலிகப் பக்கத்துக்குக் காட்டும் பார்க்கிங் ஏ ரெக்கார்டை அழிக்க மாட்டார்கள். டிஎன்எஸ் சேவையான கிளவுட்ஃப்ளேரில் ஆரஞ்சு மேகத்தை (வருகையைத் தன் வழியாக அனுப்பும் அமைப்பை) விட்டுவைப்பார்கள், சான்றிதழ் கிடைக்காமல் பாதுகாப்பு இணைப்பான எச்டிடிபிஎஸ் தொங்கும். மேகத்தைச் சாம்பல் நிறமாக்கிவிட்டுக் காத்திருங்கள். ஒரு நாள் கூடப் பொறுக்காமல் பத்து தடவை ஆன், ஆஃப் செய்யாதீர்கள்.

இணைத்தபின் பழைய பிளாக்ஸ்பாட் முகவரி தானாகவே புதியதற்குத் திருப்பிவிடும். அதனால் பழையதை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டிய அவசியமே இல்லை. டொமைன் போய்விட்டால்கூடப் பதிவுகள் போகாது. பிளாகர் அமைப்பில் டொமைனை நீக்கினால் பிளாக்ஸ்பாட் முகவரியில் அத்தனையும் அப்படியே நிற்கும். அழுதுகொண்டே வருகிறவர்களுக்கு முதலில் சொல்வது இதைத்தான்.

எஸ்இஓவில், அதாவது தளத்தைத் தேடலில் முன்னுக்குக் கொண்டுவரும் வேலையில், என் பொறுமையைச் சோதிப்பது பக்கத்தின் உள்குறியீட்டில் தேடுசொற்களை எழுதிவைக்கும் கீவேர்ட் டேக். அதைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009லேயே அறிவித்துவிட்டது. இன்னும் அதில் நாற்பது சொல் நிரப்பிக் காசு வாங்குகிறார்கள். "முதல் இடம் உத்தரவாதம்" என்பவரிடம் பேச்சே வேண்டாம், அந்த உத்தரவாதத்தைக் கூகுளே யாருக்கும் தருவதில்லை. டிஏ (டொமைன் அதாரிட்டி) மதிப்பெண் கூகுளுடையது அல்ல, மோஸ் என்ற தனியார் நிறுவனத்தின் கணிப்பு. எச்டிடிபிஎஸ்ஸுக்கு வேண்டிய எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனிக் காசு கேட்டால் லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகத் தருகிறது என்று சொல்லுங்கள்.

தமிழில் எழுதுவோருக்கு உண்மையில் இடிப்பவை வேறு. பிளாகரில் தமிழ்த் தலைப்போடு அப்படியே வெளியிட்டால் முகவரியில் "பிளாக் போஸ்ட்" என்ற சொல்லும் ஓர் எண்ணும்தான் விழும். வெளியிடும் முன் பதிவின் முகவரியை நாமே எழுதும் கஸ்டம் பெர்மாலிங்கில் ஆங்கில எழுத்தில் நாலைந்து சொல் கொடுங்கள். தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ் முகவரியில் தமிழை ஏற்கும், ஆனால் ஒவ்வொரு குறியும் உள்ளே 9 இடம் எடுக்கும். மொத்த இடம் 200. அதாவது 22 குறி. "கி" என்பதே இரண்டு குறி என்பதால் தலைப்பு நாலு சொல் தாண்டுவதற்குள் முகவரி வெட்டுப்பட்டு நிற்கும். வெளியிட்டபின் முகவரியை மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் பழையதிலிருந்து நிரந்தரத் திருப்பம் போட்டு, குறைந்தது ஒரு வருடம் வைத்திருங்கள்.

வேர்ட்பிரஸ் ரீடிங் அமைப்பில் தேடுபொறிகளைத் தவிர்க்கச் சொல்லும் பெட்டி ஒன்று உண்டு. தளம் கட்டும்போது டிக் செய்வார்கள், ஒப்படைக்கும்போது மறந்துவிடுவார்கள். ஆறு மாதமாகக் கூகுளில் வரவில்லை என்றால் முதலில் அங்கே பாருங்கள். பதிவு முழுவதையும் படமாகப் போட்டாலோ பாமினி என்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டியதை அப்படியே ஒட்டினாலோ அந்தச் சொற்கள் தேடலில் கிடைக்காது. யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலை உங்கள் ஜிமெயிலில் தொடங்கி, டிஎன்எஸ்ஸில் ஒரு டெக்ஸ்ட் ரெக்கார்டு போட்டு உறுதிப்படுத்துங்கள். டிசைனரைப் பயனராகச் சேர்த்தால் போதும், உரிமையாளர் நீங்கள்தான். சைட்மேப்பை (தளத்தின் பக்கப் பட்டியலை) ஒரு தடவை கொடுங்கள், தினமும் வேண்டாம். தேடுபொறி எதைப் படிக்கலாம் என்று சொல்லும் கோப்புக்கு ரோபாட்ஸ் என்று பெயர்; "ரோபாட்ஸ் தடுத்தது" என்று பிளாகரின் லேபிள் பக்கங்களைக் காட்டினால் பதறாதீர்கள், அது வேண்டுமென்றே வைத்த தடுப்பு. யூடியூபைப் பார்த்து ரோபாட்ஸ் கோப்பில் எதையாவது ஒட்டி, இருப்பதையும் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

டொமைன் பெயரைச் சொல்லி "தேடுபொறிப் பதிவுக் கட்டணம் நிலுவை" என்று பில் மாதிரி மெயில் வரும். அப்படி ஒரு கட்டணமே கிடையாது. மெயிலில் உள்ள இணைப்பைச் சொடுக்காமல், ரெஜிஸ்ட்ரார் தளத்துக்கு நேராகப் போய்த் தேதியைப் பாருங்கள்.

வயதான எழுத்தாளர்களிடம் ஒரு வேண்டுகோள். ரெஜிஸ்ட்ரார் பெயர், அந்த ஜிமெயில், காலாவதித் தேதி மூன்றையும் ஒரு தாளில் எழுதி, வீட்டில் வரிக் கட்டண ரசீதுகள் வைக்கும் கோப்பிலேயே வைத்துவிடுங்கள். அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளிடமும் சொல்லிவையுங்கள்.