எடுத்த எடுப்பிலேயே கில் -9 எதற்கு?

போன வாரமும் ஒரு டேட்டாபேஸ் சர்வர். ஒரே ஒரு குவெரி, அதாவது டேட்டாபேஸிடம் கேட்ட கேள்வி, இழுத்துக்கொண்டிருந்தது. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் அதை ஓட்டிய பிராசஸை (ஓடிக்கொண்டிருக்கும் நிரலை) தேடிப் பிடித்து யாரோ கில் -9, அதாவது பிராசஸைக் கட்டாயமாகக் கொல்லும் லினக்ஸ் கட்டளையை, அடித்துவிட்டார்கள். ஒரு இணைப்பை மட்டும் வெட்டுவதாக நினைப்பு. போஸ்ட்கிரெஸ் அப்படி எடுத்துக்கொள்ளாது. எல்லா இணைப்புகளும் பகிரும் பொது மெமரி கெட்டிருக்குமோ என்று சந்தேகித்து எல்லா இணைப்புகளையும் அறுத்துவிட்டு, மாற்றங்களைக் குறித்து வைத்த லாகிலிருந்து மீட்பு வேலையைத் தொடங்கிவிடும். குவெரியை மட்டும் நிறுத்த அதற்குள்ளேயே வழி இருக்கிறது, யாரும் தேடுவதில்லை.

கேட்டால் வரும் பதில் எப்போதும் இதுதான்: "சாதா கில்லுக்கு மசியல, அதான் பவர் ஜாஸ்தியா கொடுத்தேன்."

9 என்பது பவர் இல்லை ஐயா! அது சிக்னலின், அதாவது பிராசஸுக்கு அனுப்பும் செய்தியின், வெறும் அடையாள எண். எண்ணில்தான் பலம் என்றால், வெறும் கில் அனுப்பும் 15 அல்லவா பெரியது? 15, அதாவது சிக்டெர்ம், பிராசஸின் கைக்கே போகிறது. அது எழுதிக்கொண்டிருந்ததை முடித்து, பூட்டுக் கோப்பை (இன்னொரு பிரதி ஓடாமல் தடுக்கும் கோப்பு) நீக்கி, தான் தொடங்கிய பிள்ளைப் பிராசஸ்களுக்கும் சொல்லிவிட்டுக் கிளம்பும். அதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அந்த நேரத்தைத்தான் "மசியல" என்கிறீர்கள். 9 பிராசஸின் கைக்கே போவதில்லை. இயங்குதளத்தின் மையமான கெர்னல் நேராகக் கதையை முடித்துவிடும். பாதி எழுதிய கோப்பு பாதியிலேயே நிற்கும், பிள்ளைப் பிராசஸ்கள் அனாதையாக ஓடிக்கொண்டிருக்கும். பூட்டுக் கோப்பும் அப்படியே கிடப்பதால், மறுபடி தொடங்கினால் "ஏற்கெனவே ஓடுகிறது" என்று அடம்பிடிக்கும்.

9-க்கும் அசையாதவை உண்டு. பிராசஸ்களைக் காட்டும் பிஎஸ் கட்டளையின் பட்டியலில் நிலை டி என்று இருந்தால் அது பெரும்பாலும் டிஸ்க்குக்கோ நெட்வொர்க் கோப்பு அமைப்புக்கோ காத்திருக்கிறது. இருபது முறை அடித்தாலும் ஒன்றுதான், போய் டிஸ்க்கைப் பாருங்கள். இசட் என்றால் ஏற்கெனவே செத்துவிட்டது, பெற்ற பிராசஸ் கணக்கு முடிக்கவில்லை, அவ்வளவுதான். செத்ததை எத்தனை முறை கொல்வீர்கள்?

கன்ட்ரோல் இசட் அழுத்திவிட்டு "நிறுத்திட்டேன்" என்பவர்கள் இன்னொரு வகை. அது தூங்குகிறது, மெமரியும் நெட்வொர்க் போர்ட்டும் அதன் கையிலேயே இருக்கின்றன. தூங்கும் பிராசஸுக்கு 15 அனுப்பினால், அது மறுபடி ஓடத் தொடங்கும்வரை சிக்னல் வாசலிலேயே நிற்கும். உடனே 9-க்குத் தாவாதீர்கள். எஃப்ஜி கட்டளை கொடுத்து எழுப்பி, கன்ட்ரோல் சி அழுத்துங்கள்.

பெயரை வைத்துத் தேடிக் கொல்லும் பிகில் -எஃப் அடிக்கும் முன், அதே சொல்லைக் கொண்டு, பட்டியலை மட்டும் காட்டும் பிஜிரெப் -ஏஎஃப் ஓட்டி யார் யார் மாட்டுகிறார்கள் என்று பாருங்கள். பிகில் -எஃப் முழுக் கட்டளை வரியையும் பார்க்கும், அந்தப் பெயருள்ள கோப்பைத் திறந்து வைத்திருக்கும் எடிட்டரும் சேர்ந்து போகும். காலையில் குறித்த பிஐடியை, அதாவது பிராசஸ் எண்ணை, மாலையில் நம்பாதீர்கள், அந்த எண் வேறொருவருக்குப் போயிருக்கலாம். சர்வீஸாகப் பின்னணியில் ஓடுவதை சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் கட்டளை கொண்டே நிறுத்துங்கள். சர்வீஸ்களைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்டியே முதலில் 15 அனுப்பி, வழக்கமான அமைப்பில் 90 விநாடி பொறுத்து, அப்புறம்தான் 9-க்குப் போகிறது.

15 அனுப்பி, பொறுத்து, லாகும் பார்த்தாயிற்று, இன்னும் அசையவில்லையா? சரி, 9 அடியுங்கள், நானும் அடிப்பேன். மிச்சப் பிள்ளைகள் ஓடவில்லை என்று உறுதியான பிறகே பூட்டுக் கோப்பில் கை வையுங்கள். டேட்டாபேஸ் என்றால் மட்டும், தயவுசெய்து, அடிக்கும் முன் அதைப் பார்த்துக்கொள்பவரை எழுப்புங்கள். நள்ளிரவு 2 மணியானாலும் பரவாயில்லை.