ஓடும் ஒலியில் வடிகட்டி எப்படி இடம் மாறுகிறது?

ஒலியின் சில அதிர்வெண்களை உயர்த்தவோ தாழ்த்தவோ உதவும் ஈக்வலைசரின் குமிழைத் திருப்பியதும், ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போதே வடிகட்டி எவ்வாறு தன்னை மாற்றிக்கொள்கிறது என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். டிஜிட்டல் ஒலி என்பது நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்தெடுத்த எண்களின் வரிசை; ஒவ்வோர் அளவும் ஒரு மாதிரி, நொடிக்கு எத்தனை என்பது மாதிரி வீதம். டிஜிட்டல் வடிகட்டி என்பது, இப்போதைய மாதிரியையும் முந்தைய மாதிரிகளையும், பின்னூட்டம் இருப்பின் முந்தைய வெளியீடுகளையும், சில குணகங்களால் பெருக்கிக் கூட்டும் கணக்கு. வழக்கமான வடிவில், வடிகட்டி குறிவைக்கும் மைய அதிர்வெண்ணைச் சற்று நகர்த்தினாலும் பல குணகங்கள் ஒருசேர மாற வேண்டும். அவற்றில் ஒன்று பிசகினால் பட்டை அகலம், அதாவது மையத்தைச் சுற்றி வடிகட்டி தொடும் பரப்பு, சிதையும், சில வேளைகளில் வெளியீடு கட்டுக்கடங்காமல் வளரும்.

பிலிப் ரெகாலியாவும் சஞ்சித் மித்ராவும் 1987-இல் வெளியிட்ட தீர்வு, ஆல்பாஸ் எனப்படும் வடிகட்டியை நம்பியது. அது எந்த அதிர்வெண்ணின் வீச்சையும் மாற்றாது. கட்டத்தை, அதாவது அலை தன் சுழற்சியில் இருக்கும் இடத்தை, மட்டும் பின்தள்ளும். இரண்டு மாதிரிகள் பின்னோக்கிப் பார்க்கும் இரண்டாம் வரிசை ஆல்பாஸில் அந்தப் பின்னடைவு சுழி அதிர்வெண்ணில் 0 பாகையில் தொடங்கி, மாதிரி வீதத்தின் பாதியில் 360 பாகையை எட்டுகிறது. ஆகவே இடையில் ஓர் அதிர்வெண்ணில் அது சரியாக 180 பாகையாக, அதாவது அலை தலைகீழாக, இருந்தே தீரும். மூல ஒலியையும் ஆல்பாஸ் வழியே வந்ததையும் கூட்டிப் பாதியாக்கினால், அந்த ஓர் அதிர்வெண் முற்றிலும் அழிந்துவிடும். கூட்டாமல் கழித்தால் அதுவே ஓங்கி நிற்கும். கழித்துப் பெற்றதை ஓர் எண்ணால் பெருக்கி, கூட்டிப் பெற்றதோடு சேர்த்தால், அதுவே ஈக்வலைசர்! அந்த எண் 1 எனில் ஒலியில் மாற்றமில்லை. 2 எனில் மைய அதிர்வெண் சுமார் 6 டெசிபல் உயரும். 0 எனில் மறையும்.

ஆல்பாஸைப் பின்னல் அமைப்பில், அதாவது குறுக்கே பின்னிய கிளைகளால் கணக்கை அடுக்கும் வடிவில், கட்டினால் இரண்டே குணகங்கள் போதும். ஒன்று பட்டை அகலத்தை மட்டும் ஆளும். மற்றொன்று, மாதிரி வீதத்தை 360 பாகையாகக் கொண்டால் மைய அதிர்வெண்ணைக் குறிக்கும் கோணத்தின் கொசைன், எதிர்க்குறியோடு. மாதிரி வீதம் 48,000 ஹெர்ட்ஸ் என்றால், 12,000 ஹெர்ட்ஸுக்கு அது 0. 1,000 ஹெர்ட்ஸுக்கு, அதாவது 7.5 பாகைக்கு, -0.9914. இரண்டும் -1-க்கும் 1-க்கும் இடையில் இருக்கும் வரை, நிலையான எந்த மதிப்பிலும் வடிகட்டி நிலைகுலையாது. பின்னல் அமைப்பு 1970-களில் பேச்சொலி ஆய்வை ஒட்டி வளர்ந்தது. ஒரே சமன்பாட்டை வேறு வடிவில் எழுதிப் பார்க்கும் ஆராய்ச்சிக்கு நிதி மறுப்பது எவ்வளவு குறுகிய பார்வை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இதில் என்னை மிகவும் கவர்வது வேறொன்று. ஆல்பாஸின் கணக்கைப் பின்னமாக எழுதினால் தொகுதியிலும் பகுதியிலும் அதே குணகங்களே வரிசை தலைகீழாக அமர்ந்திருப்பதால், குணகத்தின் இலக்கங்களை எவ்வளவு முரட்டுத்தனமாகக் குறைத்து அருகிலுள்ள எண்ணுக்கு மாற்றினாலும் வீச்சு மாறுவதில்லை. அழிவின் ஆழம் குறையாமல் அதன் இடம் மட்டுமே நகர்கிறது. அந்த நகர்வு தாழ்ந்த அதிர்வெண்களில் பெரிதாகிறது. அங்கே கொசைன் 1-ஐ ஒட்டிக் கிடக்கிறது. 16 பிட் குணகங்களை வைத்துக்கொண்டு 100 ஹெர்ட்ஸைக் கேட்டால், அதன் அருகே கிடைப்பவை ஏறத்தாழ 84, 103, 119 ஹெர்ட்ஸ் மட்டுமே. இடைப்பட்ட இடங்களுக்குக் கூடுதல் பிட்டுகள் தேவை.