பழைய பத்திரத்தை லேமினேஷன் செய்யாதீர்கள்

இந்த மாதமும் ஒன்று வந்துவிட்டது. 1920-களில் எழுதிய பாகப்பிரிவினைப் பத்திரம். "நொறுங்க ஆரம்பிச்சுது சார், உடனே லேமினேஷன் போட்டுட்டேன்" என்று பெருமையாக நீட்டினார் கொண்டுவந்தவர். செலவு மிச்சமாகட்டும் என்று இரண்டு தாள்களை முதுகோடு முதுகாக வைத்து ஒரே உறையில் போட்டிருந்தார்கள். சார்பதிவாளர் முத்திரையும் பதிவு விவரமும் இருக்கும் பின்பக்கங்கள் இரண்டும் உள்ளே ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கின்றன. வெளிச்சத்தில் பிடித்தால் நிழல் மாதிரி ஏதோ தெரிகிறது, அவ்வளவுதான்.

ஆவணப் பாதுகாப்பு வேலையில் இருக்கிறவன் என்ற முறையில் கெஞ்சிக் கேட்கிறேன், இதை நிறுத்துங்கள்.

தண்ணீர் படாது, பூச்சி அரிக்காது, அதனால் பத்திரமாக இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். தாளுக்கு ஆபத்து வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. மரக்கூழில் செய்த தாளில் அமிலம் தாளுக்குள்ளேயே இருக்கிறது. அது பழுப்பேறி ஒடிவதே அதனால்தான். பிளாஸ்டிக்குக்குள் அடைத்தாலும் அந்த அமிலம் தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கும். நாங்கள் உள்ளே போய் ஒன்றும் செய்ய முடியாது. ஜெராக்ஸ் கடை இயந்திரம் 100 டிகிரிக்கு மேல் சூடாகிறது. அந்தச் சூட்டில் பசை உருகி நாருக்குள் இறங்கிவிடும். பிறகு பிளாஸ்டிக்கை உரித்தால் எழுத்தும் சேர்ந்தே உரிந்து வரும். பழைய புகைப்படம் என்றால் மேலே உள்ள ஜெலட்டின் படலமே கெட்டுப்போகும். எங்கள் தொழிலில் அடிப்படை விதி ஒன்று உண்டு: இன்று செய்கிற எந்தப் பழுதுபார்ப்பையும் நாளை பிரித்தெடுக்க முடிய வேண்டும். லேமினேஷன் அந்தக் கதவைச் சாத்திவிடுகிறது.

"காப்பகத்திலேயே லேமினேஷன் செய்கிறார்களே?" என்று சிலர் மடக்குவார்கள். அது வேறு முறை. டெல்லியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உருவான முறை அது. செல்லுலோஸ் அசிடேட் படலமும் மெல்லிய டிஷ்யூ தாளும் வைத்து, சூடு இல்லாமல், அசிட்டோன் தொட்டுக் கையால் செய்வது. கடையில் போடுகிற உறைக்கும் அதற்கும் பெயரில் மட்டும்தான் ஒற்றுமை.

செலோடேப்பும் கூடாது. சில வருடத்தில் டேப் உதிர்ந்துவிடும், மஞ்சள் கறை மட்டும் நிரந்தரமாகத் தங்கும். ஓலைச்சுவடிக்குத் தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்களும் இருக்கிறார்கள். தூசியெல்லாம் அதில்தான் ஒட்டும். நாங்கள் தடவுவது புல்தைலம் (எலுமிச்சைப்புல் எண்ணெய்), அதுவும் ஏட்டின் நிலையைப் பார்த்த பிறகுதான். வீட்டில் முயன்று பார்க்க வேண்டாம்.

கரிவலம்வந்தநல்லூர் கோயிலில் சிதைந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தில் இட்டுவிட்டார்கள் என்று உ.வே.சாமிநாதையர் எழுதியிருக்கிறார். அவர்களும் பக்தியோடுதான் செய்தார்கள்.

சரி, என்னதான் செய்வது? தாளின் மடிப்பைப் பிரித்துத் தட்டையாக வையுங்கள். மடிப்பு விறைப்பாக இருந்தால் வலுக்கட்டாயமாகப் பிரிக்காதீர்கள். குண்டூசி, ஸ்டேப்பிள், ரப்பர் பேண்ட் மூன்றையும் எடுத்துவிடுங்கள். அமிலமில்லாத தாளுறை கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் துவைத்த வெள்ளைப் பருத்தித் துணி போதும். பரண் வேண்டாம், ஓட்டுக்குக் கீழே வெயில் கொதிக்கும். வெளிச்சுவரை ஒட்டிய பீரோவும் வேண்டாம், மழைக்காலத்தில் ஓதம் ஏறும். மொபைலில் படம் எடுத்தால் ஃப்ளாஷ் இல்லாமல், பகல் வெளிச்சத்தில், இரண்டு பக்கமும் எடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், டாகுமெண்டாக அனுப்புங்கள். ஸ்கேன் எடுத்தாயிற்றே என்று மூலத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மையும் நீர்க்குறியும் ஸ்கேனில் சரியாக வராது.

"எங்க வீட்டுல ராஜா காலத்துப் பொருள் எதுவும் இல்லையே" என்கிறவர்களிடம் மொய் நோட்டு இருக்கிறதா என்று கேட்பேன். யார் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், என்ன கொடுத்தார்கள், பணமா நெல்லா, யார் பெயருக்குப் பக்கத்தில் சாதிப் பட்டம் இருக்கிறது, எந்த வருடத்திலிருந்து அது காணாமல் போகிறது என்பதெல்லாம் அதில் வரிசையாக இருக்கும். ஓர் ஊரின் உறவு வரைபடத்தை எந்தக் கல்வெட்டும் இவ்வளவு நெருக்கமாகத் தராது. கோட்டையூர் ரோஜா முத்தையா புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் குப்பையில் போட்டதையும் சேர்த்தார். அவர் சேகரிப்பை வைத்துத்தான் 1994-ல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் உருவானது.

காப்பகத்துக்கோ அருங்காட்சியகத்துக்கோ கொடுக்கும்போது வெறுமனே பொருளை மட்டும் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். யாருடையது, எந்த ஊர், எப்படி உங்கள் வீட்டுக்கு வந்தது என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். பெயர் தெரியாத குடும்பப் படங்கள் எங்கள் அலமாரியில் ஏராளம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் படத்தில் இருப்பவர்கள் யார் யார் என்று இப்போதே கேட்டு, பின்பக்க ஓரத்தில் மெல்லிய பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பேனா வேண்டவே வேண்டாம். கொடுத்ததற்கு ரசீதும் ஸ்கேன் பிரதியும் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை.

ஏற்கெனவே லேமினேஷன் போட்டுவிட்டீர்களா? உரிக்காதீர்கள், ஓரத்தை வெட்டாதீர்கள், இஸ்திரிப் பெட்டி பக்கமே கொண்டுபோகாதீர்கள். இருட்டான இடத்தில் தட்டையாக வைத்து, அப்படியே எடுத்து வாருங்கள்.